கல் அடுக்கும் ஜின்

“இண்டைக்கும் சுவரைக் காணேல்ல, சேர்.”

சைட் மேற்பார்வையாளன் கோகுலன் சொன்னதும் எஞ்சினியர் நிருபன் போய்ப் பார்த்தான். துறைமுகத்தடியில் எழும்பும் அந்த ஸ்டோர்க் கட்டடத்தில், நேற்றுக் கட்டிய சுவர் இல்லை. கற்கள் மட்டும் ஒரு மூலை உடையாமல், சாந்து வழித்து, ஓரமாக அடுக்கியிருந்தன.

இது மூன்றாவது தடவை.

“பேய்தான் சேர். கிண்ணியாவில இருந்து வாற மேசன்மார் ஜின் எண்டுறாங்கள்.”

பேயோ ஜின்னோ, நிருபனை நடுங்க வைத்தது வேறு. அந்தச் சுவரை எடுக்கச் சொல்லும் பிளான் திருத்தக் கடிதம் அவனுடைய பைக்குள் இருந்தது. நேற்றுப் பின்னேரம் வந்தது. கட்டியதை உடைக்கச் சொல்லத் துணிவில்லாமல் ஒருவருக்கும் காட்டவில்லை. மூன்று தடவையும் இப்படித்தான், அவன் வாய் திறக்கமுன்னமே சுவர் போய்விடுகிறது.

“சரி, கொஞ்சம் தள்ளிக் கட்டுங்கோ” என்றான், ஒன்றும் தெரியாத பிள்ளை போல.

வேலை ஏன் இழுபடுகிறது என்று கொழும்புத் தலைமை அலுவலகம் கேட்டதற்கும் கூசாமல் பதில் எழுதி வைத்திருந்தான்: ‘தலைமை மேசன் முஹம்மது தம்பி சோம்பேறி. வேலையிலிருந்து நிறுத்த வேண்டும்.’ அனுப்புவதுதான் பாக்கி.

புதன்கிழமை பின்னேரம் அடுத்த திருத்தம் வந்தது. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டான். லிங்கநகர்ச் சந்தியில் மனம் கேட்கவில்லை. மோட்டார்சைக்கிளைத் திருப்பினான்.

பள்ளிவாசலில் மஃரிபு பாங்கு ஓய்ந்து, சைட் இருண்டுகொண்டிருந்தது. ஆள் அரவமில்லை. உள்ளேயிருந்து மட்டும் டொக், டொக் என்று சத்தம். சத்தம் வந்த பக்கம் போனான்.

சைட்டில் எல்லாரும் ‘பாஸ்’ என்று கூப்பிடும் தலைமை மேசன் முஹம்மது தம்பி தனி ஆளாக, இறுகாத சாந்திலிருந்து கற்களைத் தட்டிக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“என்ன பாஸ் இது?”

“முதல் வந்த பிளான் மாத்தத்துக்கெல்லாம் பொடியன்மார் கட்டின கையாலயே உடைச்சானுகள், சேர். அடுத்த நாள் ஒருத்தனுக்கும் கை எழும்பல்ல. ஜின் உடைச்சதெண்டா, அதை ஏசி ஏசியாவது திருப்பிக் கட்டுறானுகள்.”

நிருபனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. கொழும்புக்கு எழுதிய தாளைப் பைக்குள்ளேயே கசக்கினான். ஆனாலும் பயம் போகவில்லை.

“கடிதத்தை நான் ஒருத்தருக்கும் காட்டேல்லயே. எந்தச் சுவர் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

பாஸ் கையிலிருந்த கல்லைத் துடைத்து அடுக்கினார்.

“வீட்டுக்குப் போகக்குள்ள எல்லாச் சுவரையும் தடவிப் பாத்துட்டுத்தானே போவீங்க, சேர். எதைப் பாக்காமப் போறீங்களோ, அதைத்தான் கழட்டுவன்.”