மதாம் சொன்ன வழக்கம்

“கன்னத்தோட கன்னம் வை. மொதல்ல வலது, அப்புறம் இடது. சத்தம் மட்டும் வரணும், எச்சில் படக் கூடாது.”

பிரிஸில்லா கணவனின் கன்னத்தருகே முகத்தைக் கொண்டுபோனாள். போனவள் தன்னையறியாமல் பின்வாங்கினாள். ஞானதாஸ் அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து விலாவில் ஓங்கி ஒரு குத்து விட்டான்.

“மூஞ்சியில அடிச்சா அவங்களுக்குத் தெரிஞ்சிடும்னு பாக்குறேன். இல்லேன்னா வாயைக் கிழிச்சிருப்பேன். எழுந்திரு, இன்னொரு வாட்டி வை!”

மதிய விருந்துக்கு பிரான்ஸிலிருந்து மதாம் க்ளேர் வருகிறாள். அவள் கடைகளுக்கு ஞானதாஸின் தோல் பைகளை எடுத்துக்கொண்டால் அவன் பிழைத்தான். இல்லையென்றால் பல்லாவரத்துப் பட்டறைக்குப் பூட்டுதான். பிரெஞ்சுக்காரர்கள் ஒருவனோடு வியாபாரம் பேசுவதற்கு முன்னால் அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்ப்பார்களாம்.

எல்லாம் தேனாம்பேட்டை ஓட்டல் ஒன்றில் நடந்த வகுப்பில் அவன் கற்றுக்கொண்டு வந்தது. சான்றிதழுக்குச் சட்டம் போட்டு, மந்தைவெளி ஃபிளாட்டின் ஹாலில் இயேசு படத்துக்குச் சமமாக மாட்டியிருந்தான். ஐரோப்பாவில் பெண்களுக்கே முன்னுரிமை என்று அங்கே விலாவாரியாகப் பாடம் எடுத்திருந்தார்கள். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில். அந்த மகராசன் அதையும் சிரத்தையாகக் கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தான்.

சாப்பாட்டு மேசைக்கு வந்தவன் நின்றான்.

“ஃபோர்க் எந்தப் பக்கம்டி வைக்கணும்?”

“இடது பக்கம்... மறந்துட்டேங்க.”

அவள் கையை மேசையில் அழுத்தி, ஃபோர்க்கைப் புறங்கையில் குத்தித் திருகினான். நாலு புள்ளிகளாக ரத்தம் எட்டிப் பார்த்தது. அவள் கத்தவில்லை. கத்தினால் என்ன ஆகும் என்பது போன மாதம் முறிந்த விரலுக்குத் தெரியும்.

“இனிமே மறக்காது. இன்னிக்கு ஒரு தப்பு நடந்து இந்த ஆர்டர் போச்சுன்னு வை, சத்தியமா உன்ன உசிரோட விட மாட்டேன்.”

சும்மா மிரட்டுகிறவன் இல்லை அவன். அவளுடைய போனை உடைத்துப் போட்டாயிற்று. கிரில் கதவுச் சாவி எப்போதும் அவன் பாக்கெட்டில்தான் இருக்கும். ஞாயிறு பூசைக்குக்கூட அவளை அனுப்புவதில்லை. யாராவது கேட்டால் உடம்பு சரியில்லை என்பான். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவன் பொய் சொல்லவில்லை.

சொன்ன நேரத்துக்கு மணி அடித்தது. மதாமோடு மொழிபெயர்க்க வந்திருந்தாள் ஜோயா, ராயப்பேட்டைப் பெண். அவர்களை உள்ளே விட்டுவிட்டு ஞானதாஸ் கிரில்லை மறுபடி பூட்டினான்.

“ஏரியா சரியில்லம்மா, அதான்,” என்று சிரித்தான்.

நீளக் கை ஜாக்கெட்டில் நின்ற பிரிஸில்லா, மதாமுக்கு வலது இடது என்று பிசகாமல் கன்னம் வைத்தாள். அந்தக் கூறுகெட்டவள் அதோடு நின்றிருக்கலாம். ஜோயாவையும் கட்டிப்பிடித்து, இரண்டு பக்கமும் நிதானமாகக் கன்னம் வைத்தாள். மொழிபெயர்க்க வந்தவளுக்கெல்லாமா முத்தம்! மதாம் ரசித்துச் சிரித்ததால் ஞானதாஸ் பல்லைக் கடித்துக்கொண்டான். அவர்கள் போகட்டும், பெல்ட் எங்கேயும் ஓடிவிடாது.

விருந்து வெகு ஜோராக நடந்தது. மனைவிக்கு அவனே நாற்காலியை இழுத்துப் போட்டான். விலைப் பேச்சை எடுக்கவே இல்லை.

“ஐரோப்பா வழக்கத்துல எனக்குத் தெரியாதது ஒண்ணும் இல்லன்னு மதாம்கிட்ட சொல்லும்மா,” என்றான்.

ஜோயா சொன்னாள். மதாம் புன்னகைத்தாள். பரிமாற நீண்ட பிரிஸில்லாவின் புறங்கையை ஜோயா ஒரு கணம் பார்த்துவிட்டு, தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

கடைசியில் மதாம் எழுந்தாள். பிரிஸில்லாவைப் பார்த்து பிரெஞ்சில் நாலு வார்த்தை சொன்னாள்.

ஜோயா தொண்டையைச் செருமினாள். “சார், விருந்து முடிஞ்சா வீட்டம்மாதான் விருந்தாளியைக் கார் வரைக்கும் வந்து வழியனுப்பணும், அதுதான் எங்க ஊர் வழக்கம்னு மதாம் சொல்றாங்க. வீட்டுக்காரர் வாசலைத் தாண்டக் கூடாதாம். தாண்டினா விருந்தாளியை அவமானப்படுத்தின மாதிரியாம். ஆர்டர் பேச்செல்லாம் அதுக்கப்புறம்தானாம்.”

நாலு வார்த்தைக்குள் இவ்வளவா, சிக்கனமான பாஷைதான் என்று ஞானதாஸ் வியந்தான். வகுப்பில் இப்படி ஒன்று சொன்னதாக அவனுக்கு நினைவில்லை. ஆனால் தெரியாது என்று சொல்ல அந்த வாய் வளையுமா?

“இது தெரியாமலா? நானே அனுப்பலாம்னுதான் இருந்தேன்!”

சாவியை எடுத்துக் கிரில்லைத் திறந்தான். சிரித்த முகம் மாறாமல் மனைவியின் காதருகே குனிந்தான். “விட்டுட்டு உடனே மேல வரணும். இல்லேன்னா குடலை உருவிடுவேன்.”

பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தான். மதாம் காரில் ஏறினாள். ஜோயா பின்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க, காலில் செருப்புகூட இல்லாத பிரிஸில்லா மதாமின் பின்னாலேயே உள்ளே ஏறி உட்கார்ந்தாள். ஜோயாவும் ஏறிக் கதவைச் சாத்தியதும் கார் கிளம்பி, மடம் சாலைப் பக்கம் திரும்பி மறைந்தது.

ஞானதாஸ் ஜோயாவின் எண்ணை அழுத்தினான்.

“ஏய்! எங்கடி கூட்டிட்டுப் போறீங்க அவளை? இன்னா வழக்கம் இது?”

“லேடீஸ் போலீஸ் ஸ்டேஷனுக்கு சார். கன்னம் வைக்கிறப்போ அக்கா என் காதுல கெஞ்சிக் கேட்டது அதைத்தான்.”

“அப்போ மதாம் சொன்னது?”

“மீன் குழம்பு ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்னாங்க, சார்.”