ஒரே கனம்

கடைக்காரன் இரண்டு கம்ப்யூட்டர் பிராசஸர்களைக் கண்ணாடி மேசைமேல் வைத்தான். ஒன்று மூன்று வருடப் பழசு, மற்றது போன மாதம் வந்தது. லோடுமேன் பொன்னுலிங்கம் உள்ளங்கைக்கு ஒன்றாக ஏந்திப் பார்த்தார். மூட்டையின் எடையைக் கையாலேயே சொல்லிவிடுகிறவர் அவர்.

"ரெண்டும் ஒரே கனமால்லா இருக்கு?"

"கனத்துல என்ன இருக்கு அண்ணாச்சி? பழசு பாதி வெல. ஒங்க மவனுக்கு இதுவே தாராளம். கேம்ல அங்கங்க லேசா சிக்கும், அவ்வளவுதான்."

"சிக்குனா?"

"ஓடிக்கிட்டு இருக்கவன் ஒரு நொடி நின்னுட்டு ஓடுவான். புதுசுல அது கெடையாது. ஆனா ஒங்களுக்கு ரெண்டு மாசக் கூலி ஆவும்."

அப்பனுக்குக் காய்ச்சல், லோடு ஏற்றும் முறை போய்விடக்கூடாது என்று ஒருநாள் மாற்றாளாக லாரியில் ஏறியவன் மகன். மூட்டை சரிந்து, இரண்டு வருடமாக இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் கிடக்கிறான்.

"என்ன கேம் ஆடுதான்? சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல தம்பி. சும்மா ஓடிக்கிட்டே இருப்பான்."

பொன்னுலிங்கம் பழையதை மேசைமேல் வைத்தார். இன்னொரு கை ஏந்தியபடியே இருந்தது.