இருபதாயிரம் புள்ளி

“ஸ்கோர எனக்குக் காட்டாதீங்க தம்பி! வேலையக் காட்டுங்க!”

சுலோஜனா கம்ப்யூட்டரைக் கவுண்டரில் வைத்த சத்தத்தில், அந்த ஓட்டமாவடிக் கடையில் நின்ற ஆண்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். கல்குடாவிலிருந்து பஸ்ஸில் மடியில் சுமந்து வந்த எரிச்சல் அவளுக்கு. கலியாண வீடியோ எடுத்துப் பிழைப்பவள். போன மாதம்தான் இதை இங்கே வாங்கினாள்.

கடைக்கார மின்ஹாஜ் அசரவில்லை. அதைப் பெரிய டிவியில் மாட்டி, வேகம் அளக்கும் சோதனையைத் தட்டிவிட்டான். இரண்டு நிமிடத்தில் இருபதாயிரம் புள்ளி என்று விழுந்தது.

“பாருங்கக்கா. உங்கட பழசுக்கு ஒன்பதாயிரம். இது ரெண்டு மடங்குக்கு மேல!”

“இந்தச் சோதனை ரெண்டு நிமிசம் ஓடுது. என்ட வேலை மூணு மணித்தியாலம் ஓடணும். கொஞ்ச நேரத்தில சூடாகி நொண்டத் தொடங்கிருது. பழசே இதவிடக் கெதியா முடிச்சிரும்! நாளைக்கு வீடியோ குடுக்காட்டி, இனி ஒரு கலியாணத்துக்கும் என்னக் கூப்பிடமாட்டாங்க. விளங்குதா?”

மின்ஹாஜின் போன் அலறியது, தாய்தான். “பிறகு எடுக்கிறன் உம்மா” என்று வெட்டினான்.

“சரி. அந்த வீடியோவ இப்பவே இந்த டிவியில ஓட்டுவம். நொண்டுதா ஓடுதா எண்டு எல்லாரும் பாக்கட்டும்.”

“அது ஏலாது.”

“ஏன் ஏலாது? பொய் பிடிபட்டிருமா?”

கடையே சிரித்தது. அடுத்தவர் அவமானப்பட்டால் சிரிப்புக்கா பஞ்சம்?

அவன் மவுஸைப் பிடித்து ஃபைலைத் திறக்கப் போனான். சுலோஜனா எட்டிச் சுவரிலிருந்து டிவி வயரைப் பிடுங்கினாள். திரை கறுத்தது.

“பாத்தீங்களா? மெஷின்ல ஒரு பிழையும் இல்ல. பிழையெல்லாம் இவங்கட கையில!” என்று எல்லோரும் கேட்கக் கத்தினான்.

கவுண்டரின் மேல் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

“இதுக்குள்ள கிடக்கிறது உங்கட தங்கச்சி பர்ஸானாட கலியாணம், பொம்புளைகள் பக்கம். ஒரு ஆம்புளைட கண்ணிலயும் படவிடமாட்டன் எண்டு உங்கட உம்மாட்டச் சத்தியம் பண்ணிட்டுத்தான் கமராவத் தூக்கினன்.”