கோபம் ஒட்டாத குரல்

"சும்மா சும்மா போன் பண்ணாதேடி! வேலை முடிஞ்சா வரமாட்டேனா?"

ஜாஸ்குல் போனைப் பைக்குள் எறிந்துவிட்டு மறுபடி மைக் முன்னால் உட்கார்ந்தாள்.

பிஷ்கெக் நகரத்தில் குளிர்காலத்துக் கரண்டை நம்பி யாரும் ஒரு முட்டைகூட வேகவைக்க மாட்டார்கள். ஆறு மணிக்கு இந்தத் தெருவில் கட். அதற்குள் எட்டாம் வகுப்பு பூகோளத்தின் கடைசிப் பாடத்தைப் படித்துப் பதிவு செய்தாக வேண்டும்.

சுவரெல்லாம் கம்பளி விரிப்பு தொங்கும் அந்தச் சின்ன அறையில் அவளும், பதிவு செய்யும் மக்சத்தும்தான். புத்தகம் படிக்க முடியாத பிள்ளைகளுக்காக அவளைப் போல நாலைந்து பேர் சம்பளமில்லாமல் வந்து பாடங்களைப் படித்துக் கொடுக்கிறார்கள்.

"நாளைக்குப் பரீட்சை அக்கா. ஒரு பொண்ணு இதுக்காகவே காத்துக்கிட்டிருக்கு."

"தெரியும்ப்பா. அவசரப்படுத்தாதே."

நாலு வரி படிப்பதற்குள் மக்சத் கையைத் தூக்கினான்.

"நிறுத்துங்க. குரல்ல கோபம் ஒட்டிக்கிட்டிருக்கு. தண்ணி குடிச்சிட்டு முதல்லேருந்து படிங்க."

அங்கே அதுதான் முதல் சட்டம். வாசிக்கிற குரலில் கோபமும் கூடாது, அவசரமும் கூடாது. கடிகாரத்தைப் பார்த்தாலே பதற்றமாக இருந்தது. ஆனாலும் தண்ணீர் குடித்துவிட்டு முதலிலிருந்து படித்தாள், தேன் தடவியது போல.

"அப்புறம் அக்கா... போன பாடத்துல அந்த மழை அட்டவணை இன்னும் புரியலையாம். இன்னொரு தடவை மெதுவாப் படிக்க முடியுமான்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு."

"ரெண்டு தடவை படிச்சுக் குடுத்தேனே?"

"கஷ்டம்னா விட்டுடலாம்."

"இதுல என்ன கஷ்டம்? பாவம், புரியலைன்னா கேட்கத்தானே செய்யும்?"

ஊர் ஊராக, மாதம் மாதமாக நிறுத்தி நிறுத்திப் படித்தாள். முடித்த கையோடு போன் மறுபடி அடித்தது.

"அம்மா, இன்னும் முடியலையா?"

"முடியலை! ஒரு பக்கத்தைத் தப்பில்லாம படிக்கத் துப்பில்லை, போன் பேச்சு ஒரு கேடா? போய்ப் புத்தகத்தை எடு!"

வைத்துவிட்டு மக்சத்திடம் பொரிந்தாள். "கண்ணு ரெண்டும் நல்லா இருக்கு. ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்கறா. அத்தனையும் சோம்பேறித்தனம்!"

"அந்தப் பொண்ணுக்கும் கண்ணு நல்லாத்தான் தெரியும் அக்கா," என்றான் அவன். "எழுத்துதான் பிடிபடாது. ஒரு வரி படிக்கறதுக்குள்ள கண்ணு அடுத்த வரிக்குப் போயிடும். டீச்சர்தான் கண்டுபிடிச்சு நம்மகிட்ட சேர்த்துவிட்டாங்க. வீட்டுல சொல்லப் பயமாம். திட்டு விழுமாம்."

"என்ன ஜென்மங்களோ!" ஜாஸ்குலுக்கு நிஜமாகவே ஆத்திரம் வந்தது. "பெத்த பிள்ளை பக்கத்துல உட்கார்ந்து ரெண்டு பக்கம் படிச்சுக் காட்டினா குறைஞ்சா போயிடுவாங்க?"

தண்ணீர் குடித்தாள். கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்தபோது ஆறாக இரண்டே நிமிடம். மக்சத் பதிவை அனுப்ப ஆரம்பித்தான். பாதியில் விளக்கு ஒருமுறை மங்கியது. ஜாஸ்குல் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"போயிடுச்சு அக்கா!"

அடுத்த நிமிடம் அறை இருண்டது. இருவரும் சிரித்துவிட்டார்கள்.

"இருங்க, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடறேன். பயந்துக்கிட்டே இருக்கும்." இருட்டிலேயே மொபைலில் நம்பரைத் தட்டி ஸ்பீக்கரில் போட்டான். "கடைசிப் பாடம் அனுப்பிட்டேன்மா. அட்டவணையும் இருக்கு. நல்லா எழுது."

"ரொம்ப நன்றி அண்ணா!"

கோட்டுக்குள் ஒரு கையை நுழைத்தபடியே ஜாஸ்குல் நின்றுவிட்டாள்.

"ஆனா ஒண்ணு கேட்கணும்," என்றான் மக்சத். "வேற யாராவது படிச்சிருந்தா போன வாரமே கிடைச்சிருக்கும். இந்த அக்காதான் வேணும்னு ஏன் அப்படி அடம் பிடிச்சே?"

ஸ்பீக்கரில் அந்தக் குரல் தாழ்ந்தது.

"அது எங்கம்மா, அண்ணா. அந்தப் பதிவுல மட்டும்தான் எத்தனை தடவை கேட்டாலும் திட்டாம சொல்லித் தர்றாங்க."