வேங்கை மாறன்

வீட்டில் சிவநேசன் பேசுவது "ம்" மட்டும்தான். முகநூலிலோ தேர்தல், கிரிக்கெட், இளைஞர்களுக்கு வேலை கிடைக்காதது யார் குற்றம் என்று எதற்கும் பக்கம் பக்கமாகச் சண்டை போடுவார். அதனால் அவர் மனைவி சுகந்தி, 'வேங்கை மாறன்' என்ற பொய்ப்பெயரில் அவரை எதிர்த்து எழுதத் தொடங்கினாள். ஒரு வருடமாக அவரோடு அப்படித்தான் பேசுகிறாள்.

நேற்று ஆசை மிகுந்து, "நீங்க சொல்றதுதான் சரிங்க" என்று எழுதிவிட்டாள். அவரிடமிருந்து பதிலே இல்லை.

இன்று சோறு போடும்போது, "என்னங்க, முகம் வாடியிருக்கு?" என்றாள்.

"நல்லா சண்டை போடுற ஒருத்தன் இருந்தான். அவனும் ஒத்துக்கிட்டான். இனிமே யாருகூட பேசுறது?"

அவள் ரசம் ஊற்றினாள். பிறகு அடுப்படிக்குப் போய், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "நீ சொன்னது அத்தனையும் தப்புடா" என்று போனில் தட்டினாள்.

கூடத்தில், கல்யாணமான புதிதில் கேட்ட அந்தச் சிரிப்பு கேட்டது.