எலும்புக்கு வந்த சந்தேகம்

பொற்பேழை ஒன்றுக்குள் ஒரு புனிதரின் விரல் எலும்பு கிடந்தது. அநியாய அரசன் ஒருவனை ஆசீர்வதிக்க மறுத்ததற்காக வெட்டிக் கொல்லப்பட்டவர் அவர். ஒருநாள் பேழையின் விரிசல் வழியே ஓர் எறும்பு உள்ளே வந்தது.

“வெளியே என்ன சத்தம்?” என்று எலும்பு கேட்டது.

“உங்கள் காலத்து அரசர் செத்துப்போனார்; அவர் மகனுக்கு முடிசூட்டு விழா, ஐயா. உங்களைத்தான் முன்னால் தூக்கிக்கொண்டு போகிறார்கள். மூடியில் என்ன அழகான சித்திரம்! அந்தப் பழைய அரசரின் தலையில் நீங்களே கிரீடம் வைக்கிறீர்கள்.”

“நானா? என்னை வெட்டச் சொன்னவனே அவன்தானே!”

“பொன்னில் அப்படித்தான் செதுக்கியிருக்கிறது. எல்லாரும் அதைப் பார்த்து முழந்தாளிடுகிறார்கள்.”

எலும்பு குழம்பிப்போனது. வெளியே வாழ்த்தொலி ஓயவே இல்லை. வெகுநேரம் யோசித்துவிட்டு, அது தயங்கித் தயங்கிக் கேட்டது: “எறும்பே, ஒருவேளை நானே அவனுக்குக் கிரீடம் வைத்திருப்பேனோ?”