முடி கழற்றாத நெப்போலியன்

“முடியைக் கழட்டும் பாலேந்திரன்! வெளியிலை சனம் பாத்துக்கொண்டிருக்குது!”

“கழட்டமாட்டன். நீர் அண்ணாவியார் எண்டால் பாட்டைப் பாரும். என்ரை தலையை நான் பாத்துக்கொள்ளுறன்.”

கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் ஞானரட்ணத்துக்கு மூச்சு வாங்கியது. திரைக்குப் பின்னால் நின்ற படைவீரர்கள், மந்திரி, பாப்பரசர் எல்லாரும் ஒட்டுத் தாடியைத் தடவியபடி வேறு பக்கம் பார்த்தார்கள். பாலேந்திரன் கூத்து மன்றத்தின் தலைவர். அவரோடு யார் முட்டுவது?

உடுப்புகள் தைத்த புளோறன்ஸ் மட்டும் நேராகப் பார்த்தாள். இப்படியான இடங்களில் கண்ணை எடுக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

பெரிய வேடத்தை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுப்பது அவர்களுடைய கரையோரக் கூத்து முறை. முந்தின நெப்போலியன் வெறும் படையாளாக வந்து, தளபதியாகி, நாடுகளைப் பிடித்து, கடைசியில் பாப்பரசரின் கையிலிருந்த முடியைத் தானே எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வான். அதோடு உள்ளே வந்து முடியைப் பிந்தின நெப்போலியனிடம் கொடுத்துவிட வேண்டும். அவன்தான் போய்த் தோற்று, அழுது, தீவுக்குக் கப்பலேறுவான். ஒஸ்லோவுக்கு வந்தும், 2004 பிறந்தும், அந்த முறை மாறவில்லை.

முந்தின நெப்போலியன் பாலேந்திரன். பிந்தின நெப்போலியன் கிளெமென்ற். புளோறன்ஸின் கணவர். வருசா வருசம் ஈட்டி பிடித்து நின்ற மனுசனுக்கு முதல்முதல் கிடைத்த வேடம். மேல்வீட்டார் முறைப்பாடு செய்வார்கள் என்று, ஹொல்ம்லியா அடுக்குமாடியின் கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில் நின்று மாதக்கணக்காகப் பாடிப் பழகியவர். ஒரு தடவையாவது சனம் இவரைப் பார்க்கட்டும் என்றுதான் புளோறன்ஸ் கண் நோக நோக அந்த நீலக் கோட்டைத் தைத்தாள்.

பாலேந்திரன் மன்றத்தைப் பிடித்த கதை எல்லாருக்கும் தெரியும். பழைய தலைவர் கதிரையை விடுகிறாரில்லை என்று கூட்டத்தில் மேசையில் அடித்து ஆள் திரட்டியவர். கதிரை கைக்கு வந்ததும் அதற்கு ஒரு மெத்தை வாங்கிப் போட்டார். அதற்குப் பிறகு தேர்தல் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. கிளெமென்ற் துப்புரவு வேலை செய்யும் கம்பனியிலும் அவர்தான் மேலாள்.

“விடுங்கோ அண்ணாவியார்,” என்றார் கிளெமென்ற். “அண்ணை ஆசைப்படுறார். அவரே செய்யட்டும்.”

சொன்னதோடு நிற்கவில்லை. குந்தியிருந்து பாலேந்திரனின் சப்பாத்து வாரை இறுக்கியும் விட்டார்.

“அப்பிடியே நக்கியும் விடுங்கோ. அண்ணைக்கு இன்னும் சந்தோசமாயிருக்கும்,” என்றாள் புளோறன்ஸ். வாயில் ஊறியதைத் துப்ப இடமில்லாமல் விழுங்கிக்கொண்டாள்.

பாலேந்திரன் முடியோடு மேடைக்குப் போனார்.

போன பிறகுதான் எல்லாருக்கும் உறைத்தது. தோல்விப் பாட்டு ஒன்றும் அவருக்குத் தெரியாது. பழகும் நாட்களில் முடிசூட்டு முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

எதிரிப் படை சுற்றி வளைத்தது. மத்தளம் தோல்வித் தாளத்துக்கு மாறியது. பாலேந்திரன் ஒருதரம் செருமிவிட்டு, முடிசூட்டுப் பாட்டையே திரும்பவும் எடுத்தார். கழுத்தில் நாலு வாள். மனுசன் உலகத்தை ஆளப் பிறந்தேன் என்று பாடுகிறார்.

முன்வரிசைப் பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்கள்.

அப்போது, அரண்மனை வரைந்த பின்திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது. கிளெமென்ற். பனியில் விறைத்துச் செத்த படைப் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடும் பாட்டு.

பாலேந்திரன் கெட்டிக்காரர். உடனே நெஞ்சில் கை வைத்து வாயைத் திறந்து மூடினார்.

மண்டபம் அடங்கியது. பெண்கள் சீலைத் தலைப்பை எடுத்தார்கள். வீடியோ எடுத்தவர்கூட மூக்கை உறிஞ்சினார். “பாலேந்திரத்தாருக்கு என்ன குரலடாப்பா!” என்று யாரோ சொன்னது மேடையோரம் நின்ற புளோறன்ஸின் காதில் தெளிவாக விழுந்தது.

வாயசைக்கிறவரைப் பார்த்தாள், திரைக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு குரல் கொடுக்கிறவரைப் பார்த்தாள். எவரைப் பார்த்து அதிகம் அருவருத்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

பின்திரையின் கயிறு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இழுத்தாள்.

அரண்மனை மேலே போனது. வெறுந்தலையோடு, நீலக் கோட்டில், கிளெமென்ற் உருகிப் பாடிக்கொண்டு நின்றார். அவருக்கு முன்னால் பாலேந்திரனின் வாய், தண்ணீரை விட்டு எடுத்த மீனின் வாயாக அசைந்தது.

ஒரு மூலையில் கிளம்பிய சிரிப்பு மண்டபத்தை நிறைத்தது. பிறகு கைதட்டல். சனம் எழும்பி நின்று தட்டியது. அவ்வளவும் கிளெமென்றுக்கு.

பாலேந்திரன் முடியைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பக்கக் கதவால் வெளியேறினார்.

இந்த மனுசன் இனியாவது தலையை நிமிர்த்திச் சனத்தைப் பார்க்கட்டும் என்று புளோறன்ஸ் காத்து நின்றாள்.

கிளெமென்ற் கண்ணைத் திறந்தார். சனத்தைப் பார்க்கவில்லை.

“என்னடி செய்தனி? அண்ணையைக் கெடுத்துப்போட்டியே!”

உருண்டு கிடந்த முடியைப் பொறுக்கிக் கோட்டால் தூசு துடைத்தபடி, பாலேந்திரனுக்குப் பின்னால் ஓடினார்.

பனி கரையுமுன் பாலேந்திரன் பேர்கனில் ஒரு வேலை எடுத்துக்கொண்டு ஒஸ்லோவை விட்டுப் போய்விட்டார். அவருடைய மனைவியே கூடப் போகவில்லை, மகளின் வீட்டோடு நின்றுவிட்டாள். மன்றத்து ஆட்களில் வழியனுப்பக்கூட ஒருவரும் போகவில்லை.

கிளெமென்ற் மட்டும் போனார். வழியனுப்ப அல்ல. பாலேந்திரனுக்குப் பேர்கனில் சமைத்துக் கொடுப்பது அவர்தானாம்.

புளோறன்ஸ் ஹொல்ம்லியாவிலேயே இருக்கிறாள்.